பெட்டியடிப் பையன்

கொழும்பு மாநகரிலே செட்டியார் தெரு என்றதும் இன்று நகைக் கடைகளே நினைவுக்கு வரும். ஆடி மாதத்திலே வேல் விழாத் தேர் புறப்படும் கதிரேசன் கோயில்களைத் தவிர, அத்தெருவின் பழைய வாழ்வை நினைவூட்டுவன இன்று மிகுதியாக இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அத்தெருவின் பெயரைக் கேட்டவுடன் இலங்கை மக்களின் நெஞ்சில் எழுந்தது பொன் அன்று, கடன். தென்னந்தோட்டம் வாங்க விரும்பியவரும், மகளுக்குச் சீதனம் கொடுக்கப் பணம் தேடியவரும், இந்தியாவிலிருந்து அரிசி மூட்டை இறக்கிய வணிகரும், தவணை தப்பிய தோட்டக்காரரும் அங்கேதான் போய் நின்றனர்.

அவர்கள் கண்ட காட்சி எளியது. நீண்ட ஒரு கூடம். அதிலே வரிசையாக விரித்த பாய்கள். பாய்க்கு ஒன்றாகத் தாழ்ந்த மரப்பெட்டி. பெட்டியின் மேல் கணக்கேடு, பின்னால் இரும்புப் பெட்டகம். பெட்டியின் முன்னே திருநீறு துலங்க, வெள்ளை வேட்டியுடன் ஒருவர் அமர்ந்திருப்பார். அவர் சொல்வதே வட்டி. அவர் தலையசைத்தால் பணம். அவரையே முதலாளி என்று ஊரார் எண்ணினர். ஆனால் பெரும்பாலான கடைகளிலே அவர் முதலாளி அல்லர், சம்பளத்துக்கு வந்தவர். அவருக்குப் பக்கத்திலே, பெட்டியை ஒட்டி, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் இருப்பான். அவனை யாரும் பொருட்படுத்தியதில்லை. பெட்டியடிப் பையன் என்பதே அவனுடைய பதவிப் பெயர். அவனிடமிருந்தே இந்த வரலாறு தொடங்குகின்றது.

நாட்டுக்கோட்டை நகரத்தார் எனப்படும் இச்செட்டிமாரின் தாயகம், புதுக்கோட்டைக்கும் இராமநாதபுரத்துக்கும் இடைப்பட்ட வறண்ட நிலம். மழை குறைந்த அந்த நாட்டிலே காரைக்குடி, தேவகோட்டை முதலாக 76 ஊர்களில் அவர்கள் வாழ்ந்தனர். இளையாற்றங்குடி, பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது நகரக் கோயில்களே அவர்களுடைய குலப்பிரிவுகளுக்கு அடையாளம். மணம் முடித்த ஆடவனே அக்கோயிற் கணக்கில் ஒரு ‘புள்ளி’யாக எண்ணப்பட்டான், கோயில் வரியும் புள்ளிக் கணக்கிலேயே விழுந்தது. கொழும்பிலே நெடுங்காலமாக வேரூன்றி, பெரும்பாலும் கிறித்தவராகிவிட்ட கொழும்புச் செட்டிகளோடு இவர்களை நேயர்கள் மயங்கலாகாது. அவர்கள் இந்நாட்டினர், இவர்கள் வந்து வந்து திரும்பியவர்.

உப்பிலும் அரிசியிலும் துணியிலும் தொடங்கிய இவர்களுடைய வணிகம், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆங்கிலேயரின் கொடியோடு கடல் கடந்தது. இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்திலே இங்கு அவர்களுடைய பணம் புழங்கியது. சிங்கப்பூரில் 1859ஆம் ஆண்டிலேயே தண்டாயுதபாணி கோயிலை எழுப்பினர். 1852ஆம் ஆண்டுப் போரின் பின்னர் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869ஆம் ஆண்டிலே சூயசுக் கால்வாய் திறந்தது. ஐராவதி ஆற்றுச் சமவெளியின் சதுப்புக் காடுகள் நெல்வயல்களாக மாறிய அந்தக் காலமே செட்டியார் தொழிலின் பொற்காலம். வெளிநாடு சென்று தொழில் செய்வதை அவர்கள் ‘கொண்டுவிற்கப் போவது’ என்றனர். சரக்கு விற்ற காலத்துச் சொல் அது. சரக்கு பணமாக மாறிய பின்னரும் சொல் மாறவில்லை.

இத்தொழிலின் சிறப்பு, முதலாளி ஊரிலே இருக்க, பணம் கடலுக்கப்பால் உழைத்ததாகும். ஒரு முதலாளிக்கு இரங்கூனில் ஒரு கடை, மோல்மேனில் ஒரு கடை, பினாங்கில் ஒன்று, கொழும்பில் ஒன்று எனக் கடைகள் இருக்கலாம். எல்லாவற்றிலும் அவர் அமர்ந்திருக்க இயலாது. ஆகவே ஆள் வைத்து நடத்தினார். கடையின் பெயர் முதலாளி குடும்பத்தின் முதலெழுத்துகளால் ஆகிய ‘விலாசம்’. ஆனா, மூனா, ரூனா என்று அந்த எழுத்துகளைச் சொல்லியே கடையை அழைப்பார்கள். அங்கே அமர்ந்திருந்தவர் சொந்தப் பெயரால் அன்றி, அந்த எழுத்துகளாலேயே ஊராரால் அறியப்பட்டார். பிறருடைய பெயரில் வாழ்வது அத்தொழிலின் முதற் பாடம்.

கடையிலே ஒரு படிக்கட்டு இருந்தது. உச்சியில் இருப்பவர் மேலாள். ஏஜண்டு என்றும் அவரைச் சொல்வர். முதலாளி கொடுத்த அதிகாரப் பத்திரத்தோடு கடன் கொடுக்கவும் வாங்கவும் வழக்காடவும் உரிமை உடையவர் அவர். அவருக்கு அடுத்து ‘அடுத்தாள்’. கணக்கெழுதுவதும், கடன்காரரைத் தேடிச் செல்வதும் அவருடைய வேலை. அதற்கும் கீழே, அடிப்படியிலே, பெட்டியடிப் பையன். பெரிய கடைகளிலே ஆட்கள் மிகுதி. சிறு கடைகளிலோ மேலாளும் பையனும் மட்டுமே. ஆயினும் ஏறும் முறை எங்கும் ஒன்றுதான். பணக்காரர் மகனும் பெரும்பாலும் பிறருடைய கடையிலே இப்படியில்தான் கால் வைத்தான் என்பது அந்தச் சமூகத்தின் பெருமை. ஏழை மகனுக்கோ அது பெருமைக்கு உரிய பயிற்சி மட்டும் அன்று. சோற்றுக்கு உரிய வழி.

பையன் ஊரை விட்டுப் புறப்படும்போது புள்ளியாகக்கூட எண்ணப்படாதவன். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்திருப்பான். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒரு பங்கு, மா 20இல் ஒரு பங்கு, மாகாணி 16இல் ஒரு பங்கு என்னும் பின்னக் கணக்குகள் அவனுக்கு நாவில் நிற்கும். ஆயிரம் ரூபாவுக்கு, நூற்றுக்கு மாதம் ஒன்றே மாகாணி வட்டியானால், வட்டி எவ்வளவு என்று கேட்டால், பத்து ரூபா பத்து அணா என்று மூச்சு விடுமுன் அவன் சொல்ல வேண்டும். பர்மாவிலே அணாக் கணக்கு. இலங்கையிலோ 1872ஆம் ஆண்டு முதல் சதக் கணக்கு. இங்கே வந்த பையன் அதையே பத்து ரூபா அறுபத்திரண்டரைச் சதம் என்று மாற்றிச் சொல்லப் பழக வேண்டும். தாள் எடுத்து எழுதிப் பார்ப்பது இழுக்கு.

இவ்வளவு கணக்குத் தெரிந்தவனுக்குத் தொடக்கத்தில் கிடைத்த வேலை கணக்கன்று. விடியுமுன் எழுந்து கூடத்தைப் பெருக்குவது, பாய் விரிப்பது, பெட்டியைத் துடைப்பது, மைக்கூட்டை நிரப்புவது, கடிதம் கொண்டு போவது, பெரியவர்கள் சொன்ன இடத்துக்கு ஓடுவது. பின்னர் நாணயம் எண்ணக் கற்றான். செல்லாக் காசைச் சத்தத்தில் அறியக் கற்றான். நாளேட்டுக் குறிப்பைப் பேரேட்டிலே பெயர்க்கக் கற்றான். இரவிலே கையிருப்பும் கணக்கும் ஒத்த பின்னரே உறக்கம். அரையணா குறைந்தாலும் விளக்கு அணையாது. உறங்குவதும் அதே கூடத்தில், அதே பாயில். கிட்டங்கி எனப்பட்ட அக்கூடம் பகலில் கடை, இரவில் படுக்கை. பல கடையாரும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர். ஒரே சமையற்காரர் பலருக்கும் சமைத்தார். வாடகை இல்லை, சோற்றுச் செலவு இல்லை. சலவையும் சவரமும்கூடக் கடைக் கணக்கு. அவன் கையில் வந்த காசு சொற்பம். ‘தொழில் படிக்கிறான்’ என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

சம்பளத்தின் முறை நுட்பமானது. மாதந்தோறும் எண்ணிக் கொடுக்கும் வழக்கம் அங்கு இல்லை. பணிக்காலம் மூன்று ஆண்டுகள். சம்பளமும் மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே பேசப்படும். புறப்படும்போது ஒரு பகுதி முன்பணமாக வீட்டுக்குக் கிடைக்கும். எஞ்சியது தவணை முடிந்து ஊர் திரும்பிய பின்னர் தீர்க்கப்படும். அம்முன்பணம் வந்த நாளிலேயே வீட்டிலே பழைய கடன் தீர்ந்திருக்கும், அல்லது தங்கை திருமணம் நடந்திருக்கும். ஆகவே கப்பல் ஏறியவன் கடனோடு ஏறினான். அந்தக் கடனை உழைத்துத் தீர்க்கும் வரை திரும்புவது எளிதன்று. கடன் கொடுக்கும் கடையின் முதற் கடன்காரன் அக்கடையின் ஊழியனே என்றால் மிகையாகாது.

மேலாளுக்கு மட்டும் இன்னொன்று உண்டு. தவணை முடிவிலே ஐந்தொகை எடுத்து, இலாபம் கண்ட பின், அதில் ஒரு பங்கு அவருக்குப் பரிசாக வழங்கப்படும். ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து என்பது வழக்கமான அளவு. சம்பளம் குறைவாகவும், பங்கு ஆசை காட்டுவதாகவும் அமைந்த ஏற்பாடு அது. எடுத்துக்காட்டாக ஒரு கடை மூன்று ஆண்டுகளிலே 30,000 ரூபா இலாபம் காட்டினால், மேலாளுக்கு 3,000 ரூபா சேரும். இலாபம் இல்லையேல் பங்கும் இல்லை. அவ்வாறு சேர்ந்த பணத்தைப் பலர் முதலாளியிடமே வட்டிக்குப் போட்டு வைத்தனர். இரண்டு மூன்று தவணைகளின் பின்னர் அது ஒரு சிறு முதலாகத் திரளும். அதைக் கொண்டு கூட்டுக் கடையிலே பங்காளியாகலாம். நற்காலம் வாய்த்தால் சொந்த விலாசத்திலே கடை திறக்கலாம். பெட்டியடியில் இருந்த பையனின் கண் எப்போதும் அந்தக் கடைசிப் படியின் மேலேயே இருந்தது.

இந்த ஏற்பாடு கொடுமையால் மட்டும் நின்றதன்று. அதிலே அறிவும் இருந்தது. கடலுக்கப்பால் இருக்கும் பணத்தை முதலாளியின் கண் காவல் காக்க முடியாது. ஆகவே ஆளின் நலனையே காவலாக வைத்தார்கள். கடைக்கு வரும் இலாபம் தனக்கும் இலாபம் என்றால் ஆள் கண்விழிப்பான். மேலும், தவணை முடிந்து புதிய மேலாள் வரும்போது, பழையவர் அவரோடு சேர்ந்து கணக்கைப் பார்வையிட்டு, கடன்காரரையும் அறிமுகம் செய்த பின்னரே பொறுப்பை ஒப்படைப்பார். தேறாத கடனை எழுத்திலே மறைத்தவன் அங்கே அகப்படுவான். அகப்பட்ட செய்தி கப்பலை முந்திக்கொண்டு ஊர் சேரும். பின்னர் அவனுக்கு வேலை கிடைக்காது. அவன் வீட்டுப் பெண்ணுக்கு வரன் கிடைப்பதும் அரிது. நீதிமன்றம் செய்ய முடியாததை நகரக் கோயிலின் முற்றம் செய்தது.

ஆனால் இந்த நுட்பமான பொறியின் பாரம் எங்கே விழுந்தது? வீட்டிலே காத்திருந்த பெண்களின் மேல் ஒரு பகுதி விழுந்தது. மூன்றாண்டு கடலுக்கப்பால், சில காலம் ஊரில், மீண்டும் மூன்றாண்டு என்று ஓர் ஆடவனின் இளமை கழிந்தது. மனைவியை உடன் அழைத்துச் செல்வது வழக்கம் அன்று. கைக்குழந்தையாக விட்டுச் சென்ற மகன் ஓடிவந்து யாரென்று கேட்கும் வயதிலே தந்தை திரும்புவார். செட்டிநாட்டு மாளிகைகளின் பர்மாத் தேக்குத் தூண்களை வியப்பவர்கள், அத்தூண்களுக்கிடையே காத்திருந்த காலத்தை அளப்பதில்லை. மாளிகை முதலாளியுடையது, காத்திருப்போ ஆளின் வீட்டிலும் ஒன்றேதான்.

இன்னொரு பகுதி கடன்காரன் மேல் விழுந்தது. இதை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. பர்மாவிலே 1929-30இல் நடைபெற்ற வங்கித் தொழில் விசாரணைக் குழு, அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருப்பதாகவும், அவற்றிலே புழங்கிய முதல் 75 கோடி ரூபா அளவினது எனவும் கணித்தது. அதில் பெரும்பகுதி உழவருக்குக் கொடுத்த கடன். ஒரு நாள் நடைக்குள்ளே ஒரு செட்டியார் கடை இல்லாத நெல்நாடு கீழ்ப் பர்மாவில் அரிது. இரங்கூன் மொகல் தெருவிலிருந்த செட்டியார் கோயிலிலே கடையார் மாதந்தோறும் கூடி, தமக்குள் வழங்கும் ‘நடப்பு வட்டி’யை முடிவு செய்தனர். கோயிலிலே முடிவான வட்டி சிற்றூரின் உழவனைச் சென்று சேரும்போது பல படி ஏறியிருக்கும். ஏனெனில் இடையில் நின்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு தேவைப்பட்டது. அந்த வட்டியை உழவனிடம் கேட்டு நின்றவர் முதலாளி அல்லர். தம் பங்குக்காக மூன்றாண்டு எண்ணிக்கொண்டிருந்த ஊழியர். வைதவர் அவரையே வைதனர். கல்லெறிந்தவர் அவர்மீதே எறிந்தனர்.

இலங்கையில் இந்தச் சங்கிலிக்கு மேலும் ஒரு கண்ணி இருந்தது. கொழும்பிலிருந்த ஐரோப்பிய வங்கிகள் பெருந்தோட்டங்களுக்கும் ஏற்றுமதிக்கும் பணம் கொடுத்தனவேயன்றி, உள்நாட்டாரை நேரே அறியா. அறிய முயன்றதும் குறைவு. எனவே அவை ஒவ்வொன்றும் செல்வாக்குள்ள ஒரு செட்டியாரைப் பிணை நிற்கும் சிறாப்பராக அமர்த்தின. எந்தச் செட்டியார் கடைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று அவர் சொல்வார். கொடுத்தது திரும்பாவிடின் அவரே பொறுப்பு. அதற்காக அவருக்குக் கமிசன். வங்கி சிறாப்பரை நம்பிச் செட்டியாருக்குக் கொடுத்தது. செட்டியார் கூடிய வட்டிக்கு உள்நாட்டு வணிகருக்கும் நிலக்காரருக்கும் கொடுத்தார். சுதேசியின் உறுதி கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம் செட்டியார் தெருவின் பெட்டி. பணம் முதலில் புறப்பட்ட இடமோ கோட்டையின் பெரிய கட்டடங்கள். மக்கள் பெட்டியைக் கண்டனர்; கட்டடத்தைக் காணவில்லை.

1925ஆம் ஆண்டிலே கொழும்பில் ஒரு பெரிய செட்டியார் கடை முறிந்தது. வங்கிகள் அஞ்சின, செட்டியார்களுக்குக் கொடுத்த கடனைச் சுருக்கின. மேலே ஒரு கதவு மூடியதும் கீழே எல்லாக் கதவுகளும் மூடின. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு வங்கி முதலாளியை நெருக்க, முதலாளி மேலாளுக்குக் கடிதம் எழுத, மேலாள் அடுத்தாளை அனுப்ப, அடுத்தாள் கடன்காரன் வாயிலிலே நின்றார். அதன் பின் சில ஆண்டுகளுக்குள்ளேயே உலகப் பொருளாதார மந்தமும் வந்து சேர்ந்தது. இறப்பரும் தேங்காயும் விலை வீழ்ந்தன. வட்டி கட்ட இயலாதோரின் தோட்டங்கள் ஈட்டுக் கடனுக்காகச் செட்டியார் கைக்கு மாறின. 1934ஆம் ஆண்டிலே சேர் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையில் அமைந்த இலங்கை வங்கி ஆணைக்குழு இந்த நிலையை ஆராய்ந்து, அரசின் துணையோடு ஒரு வங்கி வேண்டும் என்றது. அதன் பயனாக 1939ஆம் ஆண்டிலே இலங்கை வங்கி பிறந்தது. இலங்கை மக்களுக்கு அது விடுதலைகளுள் ஒன்று. செட்டியார் தெருவின் பையனுக்கோ, அவன் ஏற நினைத்த ஏணியின் மேற்படிகள் உடையத் தொடங்கிய காலம்.

பர்மாவில் அந்த உடைவு இன்னும் பெரியது. 1930ஆம் ஆண்டளவில் நெல் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. உழவனால் முதலும் தர இயலவில்லை, வட்டியும் தர இயலவில்லை. நிலம் ஒன்றே தர இயன்றது. 1930இல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களிலே பயிர்நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு செட்டியார்களிடம் இருந்தது. 1937இல் அது 25 ஆயிற்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பேராசையின் வெற்றி. கடைக்குள் இருந்தவருக்கோ இது தோல்வி. அவர்களுக்கு வேண்டியது பணம். சேற்று நிலம் அன்று. வாங்குவாரற்ற நிலத்தை ஐந்தொகையிலே எவ்வளவு என்று எழுதினாலும், அதிலிருந்து மேலாளுக்கு இலாபப் பங்கு எங்கே கிடைக்கும்? மூன்றாண்டு உழைத்தவர் வெறுங்கையோடும், பர்மிய மக்களின் வெறுப்போடும் திரும்பினார். நிலத்தை இழந்த உழவனும் கூலியை இழந்த ஊழியனும் ஒரே ஏட்டின் இரு பக்கங்களிலே எழுதப்பட்டிருந்தனர். ஒருவரையொருவர் பகைவர் என்றே அவர்கள் அறிந்தனர்.

இதன் பின் வந்தவை யாவும் விரைந்து வந்தன. 1938இல் இரங்கூனிலே இந்தியருக்கு எதிரான கலவரம். 1941 டிசம்பரிலே யப்பானியக் குண்டுகள் அந்நகரின்மேல் விழுந்தன. 1942இல் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் கப்பலிலும் கால்நடையாகவும் பர்மாவை விட்டு ஓடினர். அரக்கான் மலைகளிலும் மணிப்பூர் வழியிலும் வீழ்ந்தவரைக் கணக்கெடுத்தவர் இல்லை. 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டிலே இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டமும், குடிவரவு குடியகல்வுச் சட்டமும், மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆள் மாற்றும் செட்டியார் கடையின் வழக்கத்துக்குத் தாழ்ப்பாள் இட்டன. புதிய பையன் இனிக் கப்பல் ஏற இயலாது. இருந்தவர் தற்காலிக அனுமதிச் சீட்டோடு நாள் எண்ணினர். 1953ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பின்னர், ஊருக்குப் பணம் அனுப்பும் வழியும் இறுகியது.

முதலாளிகளுள் முன்னறிவு உடையோர் தப்பினர். பள்ளத்தூரில் 1884ஆம் ஆண்டில் பிறந்த ஏ. எம். முருகப்பச் செட்டியார், 14ஆம் வயதிலே பர்மா சென்று உறவினர் கடையில் தொழில் பழகியவர். பின்னர் சொந்தக் கடை வைத்துப் பெருஞ்செல்வரானார். போர் வருமுன்பே தம் முதலின் பெரும்பகுதியைத் தாயகத்துக்கு மாற்றினார். அவருடைய குடும்பத்தார் 1949இல் சென்னையிலே மிதிவண்டித் தொழிற்சாலை தொடங்கினர். எம். சிதம்பரம் செட்டியார் 1937 பெப்ரவரி 10ஆம் நாள் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று நகரங்களிலும் ஒரே நாளிலே இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தார். பெட்டி வங்கியாகவும் ஆலையாகவும் மாறிய வரலாறு இது. ஏணி உண்மையானதே என்பதற்கு முருகப்பச் செட்டியார் போன்றோரே சான்று.

ஆனால் ஏறியவரைக் கொண்டு ஏணியை மதிப்பிடுவது எளிது. ஏறாதவரைக் கொண்டு மதிப்பிடுவதே நேர்மை. ஒரு கடைக்கு ஒரு மேலாள். அவருக்குக் கீழே ஆட்கள் பலர். எல்லோரும் மேலாளாக இயலாது என்பது பின்னக் கணக்கு அறிந்த பையனுக்குத் தெரியாததன்று. ஆயினும் அவன் இருந்தான். நெல் விளைந்தவரை, விலை ஏறியவரை, புதிய ஊர்களிலே புதிய கடைகள் திறந்துகொண்டே இருந்தன; புதிய கடைக்குப் புதிய மேலாள் வேண்டும். வளர்ச்சி நின்ற நாளிலே ஏணி சுவராயிற்று. நகரத்தார் அல்லாத ஊழியர் நிலை இன்னும் கடினம். அருகூர்களிலிருந்து வேறு குலத்துப் பிள்ளைகள் பலரும் கடல்கடந்த வட்டிக் கடைகளிலே பணி செய்தனர். உறவும் நகரக் கோயிலும் அவர்களுக்குப் பின்னால் நிற்கவில்லை.

அவர்களுடைய வாழ்வைத் தமிழிலே எழுதி வைத்தவர் ப. சிங்காரம். சிங்கம்புணரியில் 1920ஆம் ஆண்டில் பிறந்து, 1938இல் இந்தோனேசியாவின் மெடான் நகருக்குக் கடைப் பணிக்குச் சென்றவர். 1959இல் வெளிவந்த ‘கடலுக்கு அப்பால்’, 1972இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’ ஆகிய இரு நாவல்களிலும் மெடான், பினாங்கு நகரங்களின் வட்டிக் கடைகளும், மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் உயிரோடு நடமாடுகின்றனர். போர் வந்ததும் கணக்கேட்டை மூடிவிட்டுத் துப்பாக்கி ஏந்திய கடை இளைஞர்கள் அங்கே வருகின்றனர். பெட்டிக்குப் பக்கத்திலே கழிந்த இளமைக்கு இலக்கியத்தில் கிடைத்த அரிய இடம் அது. வங்கி விசாரணைக் குழுக்களின் அறிக்கைகள் வட்டியை அளந்தன. நாவல் அந்த வட்டியைக் கணக்கிட்டவனின் மூச்சை அளந்தது.

இந்த வரலாறு செட்டியார் சமூகத்துக்கு மட்டும் உரியதன்று. பணத்தோடு தொழில் செய்யும் எந்த நாட்டிலும், பணத்தின் வாயிலிலே நிற்பவன் பெரும்பாலும் பணமில்லாதவனே. குறைந்த சம்பளம், பெரிய பங்கின் நம்பிக்கை, பிறருடைய பெயர், தன்னுடைய முகம் என்னும் நான்கையும் சேர்த்தே அவனை அமர்த்துகின்றார்கள். அவனுடைய பங்கை அவன் உழைப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. நெல் விலையும் வங்கியின் அச்சமும் அரசின் சட்டமும் தீர்மானிக்கின்றன. இலாபக் காலத்திலே அவனுக்குப் பத்தில் ஒன்று. நட்டக் காலத்திலே பழி முழுவதும் அவனுக்கே.

செட்டியார் தெருவிலே பழைய கடைகள் பெரும்பாலும் மறைந்தன. பாய்களும் பெட்டிகளும் போயின. ஆடிவேல் விழாவின்போது மட்டும், இலாபத்திலிருந்து மகமை எடுத்து அவர்கள் வளர்த்த கோயிலிலிருந்து வேல் புறப்படுகின்றது. தேருக்குப் பணம் தந்த முதலாளிகளின் விலாசங்கள் ஏடுகளில் உள்ளன. தேர் வரும் நாளிலே பெட்டியை விட்டு நகர அனுமதியின்றி, கூடத்து வாயிலிலே நின்று எட்டிப் பார்த்திருக்கக்கூடிய பையனின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கடனின் வரலாற்றை எழுதுவோர் கொடுத்தவரையும் வாங்கியவரையும் எழுதினர். எண்ணிக் கொடுத்த கையை எழுதும்போதே அந்த ஐந்தொகை சரியாகும்.